படைக்காத பொங்கல்

என் மச்சானுக்கு வைத்த நான்கு இட்லிகளை நான் சாப்பிட்டேன். அவர் மனமுவந்து கொடுத்தார், நானும் மனமுவந்துதான் சாப்பிட்டேன். இதில் தப்பு எங்கே வந்தது என்று கேட்டால், நான்கு மணி நேரம் கழித்து, ஒரு மலையின் பாதியில், மூடுபனிக்குள் வந்தது.

மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். கோவைக்குப் பக்கத்தில் பம்புசெட் பழுது பார்க்கும் பட்டறை வைத்திருக்கிறார். அறுபதைத் தொடப்போகிறார். தங்கையைப் பார்க்க ஒரு வாரம் புனே வந்திருந்தார். வந்த அன்றே போபோடியில் எங்கள் வீட்டுத் தண்ணீர் மோட்டாரைத் திறந்து பார்த்துவிட்டு, "இத்தன வருசம் இது எப்படீங்க மாப்ளே ஓடுச்சு?" என்று கேட்டார். என்னைப் பற்றியும் அவருக்கு அதே சந்தேகம் உண்டு. மரியாதை கருதிக் கேட்பதில்லை.

அந்த வாரத்தில் ஓர் ஆடி வெள்ளி வந்தது. ஆடி வெள்ளியன்று அம்மனுக்குச் சர்க்கரைப் பொங்கல் படைக்க வேண்டும் என்றாள் மனைவி. மழையில் கோட்டை ஏற வேண்டும் என்றாள் மகள். கல்லூரியில் மலையேறும் கூட்டத்தோடு சுற்றுகிறவள். தங்கை சொன்னால் மச்சானுக்கு எதுவும் சரி. எனக்கு வீட்டில் இருந்தால் போதும். ஓட்டெடுப்பில் தோற்றேன். புனேவுக்குத் தெற்கே, உச்சியில் தேவி கோயில் உள்ள ஒரு கோட்டை தேர்வாயிற்று. அதன் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அடுத்த ஞாயிறே அங்கும் ஸ்பீக்கரும் பஜ்ஜிப் பொட்டலமுமாகக் கூட்டம் வந்துவிடும் என்று மகள் சத்தியம் வாங்கியிருக்கிறாள்.

காலை ஐந்தரைக்கே அடுப்படியில் பொங்கல் தயாராகிவிட்டது. என் மனைவி பிறந்த வீட்டு வழக்கப்படி, சாமிக்குப் படைக்கும்வரை அதை யாரும் தொடக்கூடாது. ருசி பார்க்கக்கூடாது. முகர்ந்தும் பார்க்கக்கூடாது. சமைத்தவள் படைத்து முடிக்கும்வரை பச்சைத் தண்ணீர் தவிர வேறெதுவும் சாப்பிடமாட்டாள். இந்த வழக்கத்தில் எனக்கு எந்தக் கஷ்டமும் இருந்ததில்லை. பட்டினி அவளுடையது, பொங்கல் என்னுடையது.

"நீங்க மூணு பேரும் உண்டுட்டுக் கிளம்புங்க. அண்ணா, நீங்க முக்கியமாச் சாப்பிடோணும்," என்று சொல்லிவிட்டு அவள் குளிக்கப் போனாள். மகள் நின்றபடியே இரண்டு இட்லியை விழுங்கிவிட்டு ஷூ தேடப் போனாள். மேசையில் நானும் மச்சானும் மட்டும்.

அவர் தன் தட்டை என் பக்கம் தள்ளினார்.

"மாப்ளே, இதையும் நீங்களே முடிச்சிருங்க."

"ஏன் மச்சான்?"

"அம்மிணி பட்டினியா மலையேறுது. அண்ணங்காரன் நான் தின்னுப்போட்டுப் பின்னால போனா நல்லாவா இருக்கும்? நானும் படைச்சிட்டே சாப்பிட்டுக்கறேன்."

"அதைச் சொல்லிட்டே செய்யலாமே?"

"சொன்னா வையும். நீங்க பேசாம உண்ணுங்க."

அடுத்தவர் நம்பிக்கையில் தலையிடுவதில்லை என்பது என் கொள்கை. அன்றைக்குத் தேங்காய்ச் சட்னியும் நன்றாக இருந்தது. எட்டு இட்லியையும் முடித்து, இரண்டு தட்டையும் நானே கழுவி வைத்தேன். தடயம் இல்லாமல் செய்த காரியம் என்ற திருப்தியோடு காரை எடுக்கக் கீழே இறங்கினேன். அந்தப் பத்து நிமிடத்தில் மாடியில் என்ன நடந்தது என்பது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் இதை எழுதவேண்டியிருக்காது.

கிராமத்தில் காரை நிறுத்தியபோது மணி எட்டு. சாரல். கோட்டை எங்கே என்று கேட்டால் மேகத்தைக் காட்டினார்கள். மகள் தண்ணீர் பாட்டில்களையும் முதலுதவிப் பையையும் முதுகில் மாட்டிக்கொண்டாள். மனைவி தேங்காய், பழம், வெற்றிலை, கர்ப்பூரம், தீப்பெட்டி உள்ள துணிப்பையை எடுத்துக்கொண்டாள். பொங்கல் இருந்த தூக்குப்போசி என் பைக்குள் வந்தது.

"ஏனுங்க, இத நீங்க கொண்டாங்க. வயிறு நெறஞ்ச ஆளு, தொறந்து பாக்க மாட்டீங்க," என்றாள்.

மச்சான் எங்கோ பார்த்தார். நானும் எங்கோ பார்த்தேன்.

மலையேறவும் அவர் வேட்டிதான் கட்டியிருந்தார். கோயிலுக்குப் போகும்போது பேண்ட் ஆகாது. வேட்டியை மடித்துக் கட்டி, அதன்மேல் பைகள் வைத்துத் தைத்த அகலமான பச்சை பெல்ட்டை இறுக்கி, காலில் என் பழைய ஷூ. வயலில் நாற்று நட்டுக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டார்கள்.

முதல் ஒரு மணி நேரம் அவர்தான் எனக்கு முன்னால் போனார். காரவி புதருக்குள் ஒற்றையடிப் பாதை. சேறு. நான் ஷூவைப் பிடுங்கி எடுக்கவே பாதித் தெம்பைச் செலவழித்தேன். என் சட்டைப்பையில் மூன்று ஆரஞ்சு மிட்டாய் இருந்தன. எனக்கு நான்கு வருடமாகச் சர்க்கரை நோய். திடீரென்று சர்க்கரை இறங்கினால் வாயில் போட்டுக்கொள்ள அவை எப்போதும் பையில் இருக்கவேண்டும் என்பது எங்கள் தெரு டாக்டரின் உத்தரவு. எனக்கு எதுவும் இறங்கவில்லை. சலிப்பாக இருந்தது. மூன்றையும் வரிசையாகத் தின்றேன். காகிதங்களைக் காட்டில் போடாமல் பையிலேயே பத்திரப்படுத்தினேன். அவ்வளவு பொறுப்பானவன்.

ஒன்பதே முக்காலுக்கு ஒரு மேட்டில் ஏறினோம். அங்கிருந்து பாதை மலை முதுகின் மேலேயே போகிறது. வலது பக்கம் பாறை. இடது பக்கம் புல், அதற்குப் பிறகு வெறும் வெள்ளை. மகள் கால்களை உதறிக்கொண்டு நின்றாள்.

"அப்பா, நீங்க ரெண்டு பேரும் கித்னா ஸ்லோ! நான் முன்னாடி போய்ட்டு கோட்டை வாசல்ல நிக்கட்டா?"

"தனியா எங்கயும் போகவேண்டாம்," என்றாள் மனைவி. பனியைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். "நான் இவகூடப் போறனுங்க. நீங்க மெதுவா வாங்க. அண்ணனப் பாத்துக்கங்க."

"நீ போ அம்மிணி, நாந்தான் மாப்ளையப் பாத்துக்கோணும்," என்றார் மச்சான். எல்லோரும் சிரித்தோம். இரண்டு மழைக்கோட்டுகளும் பத்தடியில் மங்கி, இருபதடியில் இல்லாமல் போயின.

இன்னும் கால் மணி நேரம் நடந்திருப்போம். முன்னால் போன வேட்டி நின்றது. மச்சான் ஒரு பாறையில் உட்கார்ந்தார்.

"சித்த நேரம் இருங்க மாப்ளே."

எனக்கு அது வரம். நானும் உட்கார்ந்தேன். மூச்சு ஒரு நிலைக்கு வந்ததும் அவர் பக்கம் திரும்பினேன். மழை விட்டிருந்தது. காற்று பல்லைக் கிட்டவைத்தது. அந்தக் குளிரில் அவர் நெற்றியிலிருந்து வியர்வை கோடாக இறங்கிக்கொண்டிருந்தது. பெல்ட் பையிலிருந்து கைக்குட்டையை எடுக்கப் பார்த்தார். பட்டனை விரல்களால் பிடிக்க முடியவில்லை. மோட்டாருக்குள் நூல் போன்ற கம்பியைக் கண்ணாடி இல்லாமல் சுற்றுகிற கைகள் அவை.

"என்ன செய்யுது மச்சான்?"

"ஒண்ணுமில்லீங். கை ஆடுது. பசி."

அவருக்காக நானே பட்டனைக் கழற்றினேன். கைக்குட்டையோடு ஒரு மாத்திரை அட்டையும் வந்தது. பத்தில் ஒன்பது இருந்தது. பெயரைப் படித்தேன். அந்தப் பெயரை எனக்குத் தெரியும். டாக்டர் எனக்கு முதலில் கொடுத்துப் பிறகு மாற்றியது அதுதான்.

"இது எப்பப் போட்டீங்க?"

"காத்தாலைங்க. நீங்க வண்டி எடுக்கப் போனீங்கல்ல, அப்ப ஊருல இருந்து என்ற ஊட்டுக்காரி வீடியோவுல கூப்புட்டா. தெனம் ஆறரைக்குக் கூப்புட்டுருவா. மாத்தரை போட்டாச்சான்னு கேட்டா. அவ கண்ணு முன்னால போட்டாத்தான் விடுவா."

"சாப்பிட்டாச்சான்னு கேக்கலையா?"

"கேக்கலீங்க," என்றார். "அவ சோறு போட்டுட்டுத்தானே மாத்தரை குடுப்பா. முப்பது வருசமா அப்படித்தானே."

ஊரில் சோறும் மாத்திரையும் ஒரே கையிலிருந்து வருகின்றன. இங்கே மாத்திரை கோவையிலிருந்து வந்துவிட்டது. சோறு என் வயிற்றுக்குள் இருந்தது.

டாக்டர் சொன்னது எனக்கு வரிசையாக ஞாபகம் வந்தது. இந்த மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் முதலில் வியர்க்கும். பிறகு நடுங்கும். பிறகு சண்டை பிடிப்பார்கள், சம்பந்தமில்லாமல் பேசுவார்கள். பிறகு விழுவார்கள். "விழுந்த பிறகு வாயில் எதையும் போடாதே, மூச்சுக்குழலில் போய்விடும். விழுவதற்கு முன்னால் இனிப்பைப் போட்டுவிடு," என்றார். முன்னால். சட்டைப்பையில் கை விட்டேன். மூன்று காகிதங்கள் சரசரத்தன.

போனை எடுத்துப் பார்த்தேன். "டவர் இல்லை மச்சான்," என்றேன். கிராமத்துக்கு இறங்க ஒன்றரை மணி நேரம். மேலே ஓடி மகளை எட்டிப்பிடித்தால் அவள் பையில் குளுக்கோஸ் இருக்கும். ஆனால் இவரை இந்த இடத்தில் தனியாக விட முடியாது. வாயைக் குவித்து மேலே பார்த்துக் கத்தினேன். மனைவியை அழைத்தேன், மகளை அழைத்தேன். பனி அதை அப்படியே வைத்துக்கொண்டது.

அப்போதுதான் என் முதுகில் அழுத்திக்கொண்டிருந்த கனம் என்னவென்று மண்டையில் ஏறியது. வெல்லம். ஒரு படி அரிசிக்கு வெல்லம்.

பையை இறக்கி, போசியின் மூடியைத் திறந்தேன். நெய்யும் ஏலக்காயும் அந்த ஈரக் காற்றில் குப்பென்று எழுந்தன.

"மூடுங்க மாப்ளே," என்றார் மச்சான்.

"ஒரு வாய் மச்சான். ஒரே ஒரு வாய்."

"ஆத்தாளுக்கு வெச்சது. படைக்காமத் தொடக்கூடாது."

"மாத்திரை போட்டுட்டு வெறும் வயித்துல இருக்கீங்க. சர்க்கரை இறங்குது. ஆத்தா கோவிச்சுக்கமாட்டா."

"உங்களுக்குத் தெரியுமா?"

தெரியாதுதான். எனக்கும் அவளுக்கும் அவ்வளவு பழக்கம் இல்லை. வேறு வழியில் போனேன். "அம்மிணிதான் சொல்லுச்சு. இப்ப போன் பண்ணி, அண்ணனுக்குக் குடுங்கன்னு சொல்லுச்சு."

"டவர் இல்லீன்னு இப்பத்தானே சொன்னீங்க?"

சர்க்கரை இறங்கியிருந்தது. ஞாபகம் இறங்கவில்லை.

ஒரு கவளத்தை எடுத்து அவர் வாய்க்கு நேரே கொண்டுபோனேன். பல்லைக் கடித்துக்கொண்டார். உதட்டில் தேய்த்தாவது உள்ளே போகட்டும் என்று அழுத்தினேன். என் கையை அடித்தார். பலமான அடி. கவளம் சேற்றில் விழுந்தது. "வெளையாடறீங்களாடா!" என்று கத்தினார். கல்யாணம் ஆகி இருபத்துநான்கு வருடத்தில் என்னிடம் குரலை உயர்த்தாத மனிதர். "ங்க"வும் "டா"வும் ஒரே சொல்லில் வந்தன. டாக்டரின் பட்டியலில் மூன்றாவது.

அவர் எழுந்தார். கண்கள் என்மேல் இருந்தன, ஆனால் என்னைப் பார்க்கவில்லை.

"எங்க போறீங்க?"

"கரண்டு வந்துருச்சு," என்றார் சாதாரணக் குரலில். "மோட்டாரப் போடோணும்."

பாதையை விட்டு இடது பக்கம் நடந்தார். புல் சரிந்து வெள்ளைக்குள் போகிற பக்கம். நான்கு எட்டு, ஐந்து எட்டு. தெரிந்த வாசலுக்குள் போகிறவர்போலக் கொஞ்சமும் தயங்காமல் போனார். வேட்டியைப் பிடித்தால் வேட்டி மட்டும் கையில் வரும் என்று அந்த நேரத்திலும் எனக்குத் தோன்றியது. பின்னாலிருந்து பச்சை பெல்ட்டுக்குள் இரண்டு கையையும் விட்டுப் பிடித்து, என் எண்பத்தாறு கிலோவையும் பின்னுக்குச் சாய்த்தேன். வாழ்நாளில் என் தொப்பை செய்த ஒரே நல்ல காரியம் அது. இருவரும் சேர்ந்து மல்லாந்து விழுந்தோம். அவர் தலை என் மார்பில். அவர் ஷூவிலிருந்து உதிர்ந்த ஒரு கல் புல்லில் உருண்டது. கொஞ்ச நேரம் சத்தம் கேட்டது. அப்புறம் கேட்கவில்லை.

பெல்ட்டை விடாமல், உட்கார்ந்த நிலையிலேயே அவரைப் பாதைக்கு இழுத்துவந்து பாறையோடு சாய்த்தேன். இப்போது திமிறவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. இமைகள் இறங்கிக்கொண்டிருந்தன.

"மச்சான், கண்ணைத் தொறங்க. மச்சான்!"

"படைக்கோணும்," என்றார். "படைச்சா உண்ணலாம்."

அப்போதுதான் அதைப் பார்த்தேன். நின்றுகொண்டிருந்தபோது கண்ணில் படாதது. தரையில் கிடந்ததால் தெரிந்தது. பாறையின் அடியில் முழங்கால் உயரத்துக்கு ஒரு கல். ஆரஞ்சு நிறச் செந்தூரம் பூசியிருந்தது, மழையில் பாதி கரைந்து. யாரோ வைத்த பூ ஒன்று அழுகிக் கிடந்தது. இந்தப் பக்கத்து மலைகளில் வளைவுக்கு ஒன்று இப்படி இருக்கும். இருபத்தாறு வருடமாகப் பார்த்துக்கொண்டே கடந்துபோகிறேன். ஆண் தெய்வமா பெண் தெய்வமா என்றுகூடக் கேட்டதில்லை.

"மச்சான், இங்க பாருங்க. ஆத்தா இங்கயே இருக்கா. இங்கயே படைச்சிடலாம்."

அவர் கண்ணைத் திறந்து கல்லைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"கர்ப்பூரம்?" என்றார்.

கர்ப்பூரம் மனைவியின் பையில், கோட்டை வாசலில் இருந்தது. சட்டைப்பையைத் தடவினேன். மிட்டாய்க் காகிதம். கார் சாவி. போன். போனை எடுத்து டார்ச்சைப் போட்டேன். பனியில் அது ஓர் உருண்டையாகத் தெரிந்தது. போசியைக் கல்லுக்கு முன்னால் வைத்து, மண்டியிட்டு, போனை வலது கையில் பிடித்து மூன்று சுற்று சுற்றினேன்.

"மணி," என்றார் மச்சான்.

போசி மூடியைக் கார் சாவியால் தட்டினேன்.

"சொல்லுங்க. ஆத்தாகிட்டச் சொல்லுங்க."

எனக்கு ஒரு மந்திரமும் தெரியாது. கோயில்களில் மற்றவர்கள் கண்ணை மூடும்போது செருப்பைப் பற்றி யோசிக்கிறவன். வாயில் வந்ததைச் சொன்னேன். "ஆத்தா, நாலு இட்லியையும் நான்தான் தின்னேன். மிட்டாயையும் நான்தான் தின்னேன். இவரை எடுத்துக்காத. இவரைச் சாப்பிட வை." அதில் நடிப்பு எதுவும் இல்லை என்பதை இத்தனை நாள் கழித்தும் கொஞ்சம் கூச்சத்தோடுதான் எழுதுகிறேன்.

திரும்பிப் பார்த்தேன். மச்சான் இரண்டு கையையும் சேர்க்கப் பார்த்துக்கொண்டிருந்தார். கைகள் ஒன்றையொன்று தவறவிட்டன. மூன்றாவது முறை சேர்ந்தன. பிறகு வாயைத் திறந்தார்.

சிறு உருண்டைகளாக ஊட்டினேன். "மெல்லுங்க. முழுங்குங்க. முழுங்கிட்டீங்களா, காட்டுங்க." என் மகளுக்குக்கூட இவ்வளவு கவனமாக ஊட்டியதில்லை. அடியில் தங்கியிருந்த வெல்லப்பாகாகப் பார்த்து வழித்துக் கொடுத்தேன். நெய் என் மணிக்கட்டு வழியாக முழங்கை வரை ஒழுகிற்று. பத்து உருண்டைக்குமேல் எண்ண மறந்தேன்.

அதற்குப் பிறகு செய்வதற்கு எதுவும் இல்லை. அதுதான் மோசம். இது ஏற எவ்வளவு நேரம் ஆகும்? கால் மணி என்று டாக்டர் சொன்னது சர்க்கரைத் தண்ணீருக்கா, நெய் மிதக்கும் பொங்கலுக்கும் அதே கணக்கா? அவர் தோளில் கை போட்டு, இன்னொரு கையால் பெல்ட்டைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தேன். அணைக்க மறந்த டார்ச் கல்லின்மேல் எரிந்துகொண்டிருந்தது. தங்கை வெளியூரில் படித்தபோது தினம் இரவு ஒன்பதுக்குக் கூப்பிட்டு, பட்டறை வருமானத்தில் பாதியை அனுப்பிய மனிதர் என்று மனைவி இவரைப் பற்றிச் சொல்வாள். கோட்டை வாசலில் நின்றுகொண்டிருப்பவளிடம் நான் போய் என்ன சொல்வது? வாக்கியத்தை எங்கிருந்து தொடங்கினாலும் அது இட்லியில்தான் தொடங்கியது.

மச்சான் அசைந்தார். நாக்கால் உதட்டைத் துடைத்தார். யோசித்தார்.

"மாப்ளே."

"சொல்லுங்க மச்சான்."

"வெல்லம் பத்தலைங்க."

நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். இந்த முறை உண்மையாகவே என்னைத்தான் பார்த்தார்.

"இந்த ஊரு வெல்லத்துல இனிப்புக் கம்மின்னு நேத்தே சொன்னேன். அம்மிணி கேக்கல. ருசி பாக்காமச் செஞ்சா இப்படித்தான்." பிறகு தன் இடுப்பைக் குனிந்து பார்த்தார். "பெல்ட்ட எதுக்குங்க புடிச்சிருக்கீங்க?"

விடுவதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. விரல்கள் மடங்கிய நிலையிலேயே விறைத்துப்போயிருந்தன.

மேலே கற்கள் உருளும் சத்தம். முதலில் மகள் பனியிலிருந்து வந்தாள், பின்னால் மனைவி. அரை மணி நேரம் வாசலில் காத்திருந்துவிட்டுத் தேடி இறங்கியிருக்கிறார்கள். அவள் கண்ணில் முதலில் பட்டது திறந்த போசி. அடுத்து அண்ணனின் மீசையில் ஒட்டியிருந்த பொங்கல். அடுத்து என் முழங்கை.

"அடப்பாவிகளா," என்றாள். "அங்க நான் பச்சத்தண்ணியோட நிக்கறேன். ரெண்டு பேரும் வழியில உக்காந்து சாமி பொங்கலைத் தின்னுட்டு..."

"அம்மா, ருக்கோ," என்று தடுத்தாள் மகள். அவள் மாமாவின் சட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குளிரில் முதுகு முழுக்க வியர்வையில் நனைந்திருந்த சட்டை. "மாமா, உங்களுக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல கண்ணு. கொஞ்சம் கிறுகிறுப்பு. எல்லாம் என்ற தப்பு."

"பாதி என்னோடது," என்றேன். சொல்லிவிட்டேன். தட்டை அவர் தள்ளியது, நான் தின்றது, கழுவி வைத்தது, மாத்திரை, மிட்டாய், கரண்டு வந்தது, பெல்ட். எதையும் குறைக்கவில்லை. அந்தச் சரிவைக் கையால் காட்டியபோது அவள் அந்தப் பக்கம் பார்த்தாள். திரும்ப என் பக்கம் பார்க்கவில்லை.

நேரே அண்ணனிடம் போனாள். ஒரு பழத்தை உரித்து அவர் வாயில் திணித்தாள். அவர் மறுபேச்சில்லாமல் மென்றார். மகள் பாட்டிலில் குளுக்கோஸைக் கலக்கிக் கொடுத்தாள். அதையும் குடித்தார். மனைவி அவர் முதுகில் பட்டென்று ஓர் அடி வைத்தாள். இன்னொரு அடி வைக்க ஓங்கியவள், அந்தக் கையாலேயே அவர் தலையைத் துவட்டினாள். மழைக்கோட்டின் தொப்பி அவள் முகத்தை மறைத்திருந்தது.

பிறகு துணிப்பையைத் திறந்து கர்ப்பூரத்தை எடுத்தாள். நான்கு தீக்குச்சி அணைந்தன. மகள் தன் மழைக்கோட்டை விரித்து மறைத்துக்கொள்ள, ஐந்தாவது பிடித்தது. அந்தக் கல்லுக்கே காட்டினாள். என் போனை எடுத்து டார்ச்சை அணைத்து என்னிடம் நீட்டினாள்.

"மேல போகலையா?" என்று கேட்டேன்.

"கீழ எறங்குங்க," என்றாள்.

இறங்கும்போது மச்சானுக்கு முன்னால் மகள், பின்னால் மனைவி. அவளுக்குப் பின்னால் இருபதடி விட்டு நான். சாலையோரம் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் காட்டினோம். டாக்டர் விரலில் குத்திப் பார்த்துவிட்டு, மாத்திரை சாயங்காலம் வரை வேலை செய்யும், மறுபடி இறங்கலாம், இங்கேயே படுக்க வையுங்கள் என்றார். மராத்தியில் திட்டினார். மச்சானுக்கு மராத்தி புரியாததால் முழுவதையும் நான் வாங்கிக்கொண்டேன்.

ஆஸ்பத்திரி வாசலில் நின்று மனைவி கோவைக்கு வீடியோவில் கூப்பிட்டாள். "அண்ணி, இனிமே மாத்தரை போட்டாச்சான்னு கேக்காதீங்க. தட்டைக் காட்டச் சொல்லிக் கேளுங்க," என்றாள். அண்ணி அந்தப் பக்கம் அழுவது என் வரைக்கும் கேட்டது.

இரவு வீடு திரும்பும்போது அவள் காரின் பின்சீட்டில் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். மறுநாள் காலை ஆறேகாலுக்கு மேசையில் போன் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. திரையில் அண்ணி. போனுக்கு முன்னால் மச்சான், அவருக்கு முன்னால் நான்கு இட்லி. ஒவ்வொன்றாகக் கேமராவுக்குக் காட்டிக் காட்டிச் சாப்பிட்டார். நான்காவது உள்ளே போன பிறகுதான் மாத்திரை அட்டை அடுப்படியிலிருந்து வந்தது. நான் எதிரே வெறும் தட்டோடு உட்கார்ந்திருந்தேன்.

மனைவி வந்து என் தட்டைப் பார்த்தாள். போசியில் மிஞ்சியிருந்த பொங்கலைச் சூடாக்கி, ஒரு கரண்டி வைத்தாள். அதன்மேல் வெல்லத்தைப் பொடித்துத் தூவினாள்.

"அண்ணன் சொன்னாரு, வெல்லம் பத்தலையாம்," என்றாள். "உண்ணுங்க."

எனக்குச் சர்க்கரை இருப்பது அவளுக்குத் தெரியும். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். தமாஷா தண்டனையா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. அவள் அடுப்படிக்குத் திரும்பியதும் மச்சான் மெல்லத் தன் கையை நீட்டி, என் தட்டைத் தன் பக்கம் இழுக்கப் பார்த்தார்.

"தொட்டீங்கன்னா பாருங்க," என்றார்கள் இருவரும் ஒரே குரலில், அடுப்படியிலிருந்தும் கோவையிலிருந்தும்.